மூன்றாவது நகல்

சார் காலமான செய்தி வாட்ஸாப்பில் வந்தது. நினைவு மலர்க் குழு இரங்கல் கேட்கிறது. எனக்கு வருவதெல்லாம் அவருடைய சிவப்பு மைதான்.

டி-ஸ்கூல் என்று நாம் சொல்லும் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் கேன்டீனில் நம் மட்டன் தோசைக்கு எதிரே, மூக்கைத் திருப்பிக்கொண்டு டீ குடித்த சாரை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டாம். எம்.என்.சீனிவாஸ் 1959-ல் அங்கே தொடங்கிய சமூகவியல் துறையில், சீனிவாஸ் 1972-ல் பெங்களூருக்குப் போகும் முன்பே படித்தவர். சாரின் ஆய்வு தஞ்சாவூர்ப் பக்கம், ஆய்வுப் பொருள் அடுப்பு. ஒரு கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் அவர் கணக்கில் இரண்டு குடும்பம்.

தமிழ் பேசுவோம் என்பதால் எங்களை டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்புக்கு அனுப்பினார். முதல் நாள் நோட்டு கூடாது. நடந்து பார்த்து, கதவும் குழாயும் கடையும் மட்டும் வரைய வேண்டும். மறுநாள்தான் வீட்டுக்கு எண்.

"வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்டால் கணக்கு கெடும். ஊரில் பாட்டியிடம் வளரும் பிள்ளையைச் சேர்ப்பார்கள். வாசலில் படுக்கும் கொழுந்தனை விட்டுவிடுவார்கள். "நேத்து ராத்திரி இந்த அடுப்புல சமைச்சதை யார் யார் சாப்பிட்டாங்க?" என்பதுதான் கேள்வி. வயதைக் கேட்டால் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்றே வரும். அதனால், "இந்திரா காந்தி செத்தப்ப பெரியவன் நடந்தானா?" சாதியை நேரே கேட்கவே கூடாது. பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர் என்று வம்சப் படம் போட்டால் தானாக வந்து விழும். தவறிப்போன குழந்தைகளையும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் படம் பொய்.

அன்றன்றைக்கு இரவே எழுதியாக வேண்டும். தூங்கி எழுந்தால் அவர்கள் சொன்னது போய் நாம் நினைத்தது நிற்கும். தாளில் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அவர் மைக்கு. கார்பன் வைத்து மூன்று நகல், மூன்று இடத்தில். 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் சீனிவாஸ் பகுத்து எழுதிய ராம்புரா கிராமத்துக் குறிப்புகள் மூன்று நகலும் சேர்ந்தே எரிந்தன. பிறகு அவர் நினைவிலிருந்து எழுதிய நூல் 1976-ல் வந்தது. ஊரெல்லாம் அதை ஞாபகசக்தியின் அதிசயமாகச் சொல்லும். சார் மட்டும், "மூணையும் ஏன் ஒரே இடத்துல வெச்சார்?" என்பார்.

ஒருமுறை எங்களில் ஒருவர் நோட்டை வகுப்பில் உரக்கப் படித்தார்: "இம்மக்கள் வறுமையில் வாடுகிறார்கள்." சார் நிறுத்தினார். "வாடறதை எங்க பாத்தே? அடுப்புல என்ன இருந்துது?" பதில் இல்லை. அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே கோடாக அடித்தார். பெயர் வேண்டாம், எழுதியவர் இப்போது நியூ ஜெர்சியில் வறுமை பற்றித்தான் பாடம் எடுக்கிறார்.

2025 ஜூனில் கேம்பை இடித்துவிட்டார்கள். வீடு கிடைத்தவர்களுக்கு நரேலாவில், நகரத்தின் மறுகோடியில்.

என் பங்குக்கு வந்த மூன்றாவது நகல் இங்கே டொராண்டோவில், பேஸ்மென்ட் பெட்டியில் இருக்கிறது. கார்பன் மங்கிவிட்டது, சிவப்பு மை மங்கவில்லை. 61-ஆம் வீட்டுக்கு நேரே: "மூத்த பெண் எங்கே? அடுத்த தடவை கேட்கவும்." அந்த வாரம்தான் எனக்கு விசா வந்தது.