அரசனில்லாக் கோட்டையும் 256 எம்பியும்

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனியானாலும் வேலூர் நகரத்து ஆஸ்பத்திரியானாலும், லினக்ஸ் சர்வரை ஒப்படைத்த மறுநாள் வரும் கேள்வி ஒன்றுதான்: “இன்னா சார், 16 ஜிபிக்கு பில்லு போட்டீங்க, 15 சொச்சம்தானே காட்டுது?” கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, விழுந்தால் நினைவகத்தைப் படியெடுக்கும் (டம்ப்) இரண்டாவது கெர்னலுக்கென ஒதுக்கும் இடம் கிராஷ்கெர்னல். குறைவது முழுவதும் அது ஆகாது. பயாஸும் கெர்னலின் சொந்தக் கணக்குகளும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதில் 256 எம்பி நாமே தெரிந்து ஒதுக்கியது. பணம் கொடுத்து வாங்கிய நினைவகம் கண்ணில் படாமல் கிடப்பது யாருக்கும் உறுத்தும். கேள்வி நியாயமானதுதான்.

கெர்னல் பேனிக் ஆகிவிட்டால், அதாவது மீள முடியாத பிழையில் நின்றுவிட்டால், அது அதுவரை ஆண்ட நினைவகத்தில் எந்த இடத்தையும் நம்ப முடியாது. விழுந்தது கெர்னல் மட்டும்தான். நெட்வொர்க் கார்டுக்கும் டிஸ்குகளை ஆளும் ரெய்டு கார்டுக்கும் அது தெரியாது. முன்பே கொடுத்த முகவரிகளில் அவை டிஎம்ஏ (சிபியு இல்லாமல் சாதனமே நினைவகத்தில் எழுதும் முறை) வழியாகத் தரவைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் இன்னொரு கெர்னலைக் கொண்டுவந்து ஏற்ற வேண்டுமானால், எந்தச் சாதனத்துக்கும் ஒருபோதும் கொடுக்கப்படாத, துண்டுபடாத ஓர் இடம் வேண்டும். ரேம் சிதறுவதற்கு முன், பூட் ஆகும்போதே அதை வேலி போட்டு வைத்தால்தான் உண்டு. 2005-இல் வந்த 2.6.13 கெர்னலிலிருந்து ஓடும் கெர்னலிலிருந்து இன்னொன்றை ஏற்றும் கேஎக்செக், அதை வைத்து டம்ப் எடுக்கும் கேடம்ப் இரண்டும் லினக்ஸில் இருக்கின்றன. பூட் வரியில் கிராஷ்கெர்னல்=256எம் என்று கொடுப்பது இந்த வேலிக்குத்தான்.

எவ்வளவு என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ரெட் ஹாட் 9-இல் சாதாரண இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களுக்கு 1 முதல் 4 ஜிபி வரை 192 எம்பி, 64 ஜிபி வரை 256, அதற்கு மேல் 512. உபுண்டுவின் புதிய பட்டியலோ 4 முதல் 32 ஜிபிக்கு 512, 64 ஜிபி வரை 1024, 128 ஜிபி வரை 2048, அதற்கு மேல் 4096. அதாவது ஒரே 256 ஜிபி இயந்திரத்துக்கு ஒருவர் 512 என்கிறார், மற்றவர் எட்டு மடங்கு சொல்கிறார். இருவரும் முட்டாள்கள் இல்லை. ரெட் ஹாட் தன் டம்ப் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (டம்ப் கெர்னலோடு ஏறும் சின்னக் கோப்புத் தொகுப்பு) அந்த இயந்திரத்துக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் கட்டி ஒல்லியாக வைக்கிறது. அந்தத் துணிச்சலில் சின்ன எண் போடுகிறது. பட்டியலை அப்படியே எடுத்து இன்னொரு இயங்குதளத்தில் ஒட்டுவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது போல.

மொத்த ரேம் எவ்வளவு என்பதைவிட, இயந்திரத்தில் என்ன செருகியிருக்கிறது என்பதுதான் முக்கியம். பழைய கணக்கில், டம்பைச் சுருக்கி எழுதும் மேக்டம்ப்ஃபைல் கருவி ஒவ்வொரு 4 கேபி நினைவகப் பக்கத்துக்கும் 2 பிட் வைத்துக்கொள்ளும். 1 டிபி ரேமுக்கு அது 64 எம்பி. பிறகு வந்த சுழற்சி முறையில் துண்டு துண்டாகப் பார்ப்பதால் அந்தச் சுமையும் குறைந்துவிட்டது. சாப்பிடுவது டிரைவர்கள்தான்: பெரிய ரெய்டு கார்டு, ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி வரிசை திறக்கும் நெட்வொர்க் கார்டு. டம்ப் கெர்னலுக்கு என்ஆர்_சிபியுஸ்=1 கொடுப்பது இந்த வரிசைகளைச் சுருக்கத்தான். டம்பை நெட்வொர்க் வழியாக வேறு சர்வருக்கு அனுப்பினால் இன்னும் வேண்டும். டம்ப் விழும் டிஸ்க் லக்ஸ்2 குறியாக்கப் பூட்டு போட்டதாக இருந்தால் கதையே வேறு: சாவி திறக்க, கடவுச்சொல்லைச் சாவியாக்கும் ஆர்கான்2 முறை மட்டும் 1 ஜிபி வரை கேட்கக்கூடும். 256 எம்பிக்குள் அது எங்கே போகும்? அங்கே பூட்டில்லாத ஒரு சின்னப் பகுதியை டம்புக்கென்று தனியாக விடுவதே வழி.

நினைவகத்தில் 4 ஜிபி முகவரிக்கு மேலேதான் ஒதுக்க வேண்டுமானால் ‘ஹை’ என்று சேர்க்க வேண்டும். அப்போதும் 4 ஜிபிக்குக் கீழே ஒரு பங்கைக் கெர்னல் தானாக எடுத்துக்கொள்ளும். 32 பிட் முகவரியைத் தாண்ட முடியாத சாதனங்களுக்கு அதுதான் ஆதாரம். ‘லோ’ என்பதைப் பூஜ்யமாக்கி மிச்சம் பிடிக்கிறேன் என்று இறங்கினால், டம்ப் கெர்னல் எழும், டிஸ்க் மட்டும் கிடைக்காது.

தண்ணியில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி பேசுவது இந்தப் பக்கத்து வழக்கம். பல சர்வர்கள் அந்தக் கோட்டை மாதிரிதான். ப்ராக் அடைவின் ஐயோமெம் கோப்பில் ‘கிராஷ் கெர்னல்’ என்று வரி அழகாக இருக்கும், இடம் ஒதுங்கியிருக்கிறது. ஆனால் சிஸ் அடைவில் கெர்னலுக்குக் கீழே உள்ள கேஎக்செக்_கிராஷ்_லோடட் என்ற கோப்பைத் திறந்தால் 0. சுவர் உண்டு, உள்ளே ஆளில்லை. கேடம்ப் சேவை எப்போதோ தோற்றுப்போயிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த எண் 1 ஆக இருக்கிறதா என்பதை நாள்தோறும் ஓடும் கண்காணிப்பில் சேர்த்துவிடுவது நல்லது. கேஎக்செக்_கிராஷ்_சைஸ் கோப்பில் எழுதி, டம்ப் கெர்னல் ஏற்றப்படாத நிலையில், ஒதுக்கீட்டைக் குறைக்கலாம். கூட்ட முடியாது. கூட்டுவதற்கு ரீபூட்தான்.

ரெட் ஹாட் வகையில் கேடம்ப்சிடிஎல் எஸ்டிமேட் என்ற கட்டளை தோராயம் சொல்லும். அது மதிப்பீடு மட்டுமே. நிஜமாக விழவைத்துப் பார்க்காமல் இந்த வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடக் கூடாது. டேட்டாபேஸை நிறுத்தி, சிங்க் கொடுத்து, சிஸ்ஆர்கியூ ட்ரிகர் கோப்பில் ‘சி’ என்ற ஒற்றை எழுத்தை எழுதினால் கெர்னல் அங்கேயே விழும். எதிரில் சீரியல் கன்சோலோ பிஎம்சி (சர்வரைத் தனியே கண்காணிக்கும் சிறு கணினி) திரையோ இருக்க வேண்டும். எஸ்எஸ்எச் வழியாக மட்டும் செய்தால் இணைப்பு அறுந்ததுதான் மிச்சம், உள்ளே நடந்தது தெரியாது. ஒதுக்கீடு போதாதபோது அங்கே ‘அவுட் ஆஃப் மெமரி’ வரிகள் ஓடி மறையும். பிறகு சர்வர் ஒன்றும் நடக்காதது போல எழுந்துவிடும், வார் அடைவின் கிராஷ் பகுதி காலியாக இருக்கும். தோல் கம்பெனிகளில் வெள்ளி மதியம் தொழுகை இடைவேளையில் முடித்துவிடலாம் என்பார்கள். போதாது. பெரிய சர்வர் பயாஸைத் தாண்டவே பல நிமிடம் ஆகும். டம்ப், மறு பூட், டேட்டாபேஸ் சரிபார்ப்பு என்று சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமைதான் சரி.

இன்னொரு வில்லன் வாட்ச்டாக், குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் சர்வரை ரீசெட் செய்யும் கடிகாரம். பேனிக் ஆன பிறகும் வன்பொருள் வாட்ச்டாக் எண்ணிக்கொண்டே இருந்து, டம்ப் பாதி எழுதும்போது சர்வரை ரீசெட் செய்துவிடும். பிறகு கிடைப்பது முழுமையடையாத விஎம்கோர், அதாவது டம்ப் கோப்பு. டம்ப் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலும் அந்த வாட்ச்டாக் டிரைவர் இருந்தால்தான் அதைத் தட்டிக்கொண்டே வேலையை முடிக்க முடியும்.

மேக்டம்ப்ஃபைலின் டம்ப் நிலையை 31-இல் வைப்பது வழக்கம். காலிப் பக்கம், பூஜ்யப் பக்கம், பேஜ் கேஷ், பயனர் நிரல்களின் பக்கம் எல்லாம் விலகும், கோப்பு சுருங்கும். ஆஸ்பத்திரிகளில் இதற்கு இன்னொரு பயன் உண்டு: பில்லிங் மென்பொருளின் நினைவகத்தில் கிடக்கும் நோயாளி விவரங்கள் பெரும்பாலும் டம்பில் ஏறாது. முழுவதும் ஏறாது என்று உறுதி சொல்ல முடியாது, நெட்வொர்க் பஃபர்களில் துணுக்குகள் தங்கலாம். வெளியாருக்கு அனுப்பும் முன் யோசிக்க வேண்டும். டம்பைப் பிரித்துப் படிக்கும்போது அதே கெர்னல் பதிப்பின் டீபக் கோப்பு இல்லையென்றால் கிராஷ் கருவி திறக்கவே திறக்காது; ஆகவே கெர்னல் புதுப்பிக்கும் நாளிலேயே அதையும் எடுத்து வைத்துவிடுவோம்.

அக்னி நட்சத்திர நாட்களில் சர்வர் அறையின் ஏசி நின்று, இரவில் சர்வர் விழுந்து, காலையில் டம்ப் இல்லை என்று புகார் வரும். கேடம்பைத் திட்டுவதற்கு முன் பிஎம்சியின் நிகழ்வுப் பதிவைத் திறந்தால் வெப்பநிலை எச்சரிக்கையும் மின்சாரம் துண்டித்த வரியும் அடுத்தடுத்து இருக்கும். சூடு தாங்காமல் வன்பொருளே மின்சாரத்தை வெட்டும்போது கெர்னல் பேனிக் ஆவதே இல்லை. யுபிஎஸ் தீர்ந்தாலும் அப்படித்தான். திருத்த முடியாத நினைவகப் பிழையில் மெஷின் செக் வந்து விழுந்தது என்றால் பெரும்பாலும் டம்ப் இருக்கும். காலையில் போனதும் எதைத் தேடுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்: விஎம்கோர் இருந்தால் கிராஷ் கருவி, இல்லாவிட்டால் முதலில் பிஎம்சி பதிவு, அடுத்து யுபிஎஸ்ஸின் பதிவு.