25 டிகிரி

"தம்பி, கை வந்துருச்சுல்ல?" என்று ஆச்சி கேட்டார். "வந்துட்டே இருக்கு ஆச்சி" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு வருஷமாக இந்த மூன்று சொல்லையே புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ப்ராஜெக்ட், பக்கவாதம் வந்தவர்கள் வீட்டிலேயே மணிக்கட்டுப் பயிற்சி செய்ய ஒரு பட்டை. புறங்கையில் ஒரு சென்சார், முன்கையில் ஒன்று; இரண்டின் சாய்வுக்கும் உள்ள வித்தியாசம்தான் மணிக்கட்டு நிமிரும் கோணம். அது இலக்கைத் தொட்டால் மணி அடிக்கும். (முதலில் ஒன்றுதான் வைத்திருந்தோம். முழங்கையைத் தூக்கினாலே மணி அடிக்கும் என்பதை ஆச்சி ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்.)

இலக்கு 40 டிகிரி. நாலு நாள் மணியே அடிக்கவில்லை. ஐந்தாம் நாள் பட்டையைக் கழற்றிப் பட்டாலைத் திண்ணையில் போட்டார். "இது என் கையில்ல தம்பி, யாரோடதோ தொங்குது." அன்று மத்தியானமே 40-ஐ 25 ஆக்கினேன். அவரிடம் சொல்லவில்லை.

இதில் என்ன தப்பு? ஆளுக்குத் தக்கபடி இலக்கை ஏற்றி இறக்கத்தானே அந்தக் கருவியையே செய்தோம். முயன்று முயன்று தோற்றால் அந்தக் கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிடுவார்கள். எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் குரங்குகளிடம் பார்த்துச் சொன்னது. படித்ததெல்லாம் என் பக்கம்தான். ஆச்சியும் அதற்கப்புறம் ஒரு நாள்கூட விடவில்லை.

ஆனால் மணி அடித்தால் கை தேறுகிறது என்றுதான் ஆச்சி எடுத்துக்கொண்டார். அது எனக்குத் தெரியாமல் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு போன் போட்டு மணிச்சத்தத்தைக் கேட்க வைத்தாரே, அப்போதே தெரியும்.

ஆறாவது வாரம் பிசியோ அக்கா வந்து ஃபூகல்-மேயர் பார்த்தார், பக்கவாதத்துக்குப் பிறகு கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை. ஒவ்வோர் அசைவுக்கும் 0, 1, 2 என்று போட்டு, கைக்கு மொத்தம் 66. ஆச்சிக்கு முதல் நாள் 29. அன்று 30. அக்கா தாளை என்னிடம் நீட்டினார், ஒன்றும் பேசவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆச்சி கேட்டார். கை வந்துருச்சுல்ல, பேத்தி கல்யாணத்துக்குக் கொட்டான் பின்னிருவேன்ல? மடியில் அந்தக் கூடைக்கென்று சாயம் தோய்த்த பனையோலைக் கீற்றுகள். இடது கையால் ஒன்றை எடுத்து வலது விரல்களுக்குள் செருகினார். நின்றது. இழுத்ததும் வழுகி ஆத்தங்குடிக் கல்லில் விழுந்தது. அவர் கீழே பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"மணி அடிக்கிற அளவை நான்தான் குறைச்சேன் ஆச்சி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பட்டை மறுபடி பட்டாலைக்குப் போயிருக்கும், அந்த ஒரு மதிப்பெண்ணும் போயிருக்கும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில ராத்திரிகளில் இது சரியாகவே படுகிறது. அப்புறம், முழங்கை வித்தையை ஒரே நாளில் பிடித்தவருக்கு இது மட்டும் தெரியாமலா இருந்திருக்கும் என்று தோன்றும். அதுவும் எனக்கு வசதியான நினைப்புதான்.

கருவியைத் திரும்ப வாங்கப் போன அன்று, "இரு தம்பி, ஒரு தடவை அடிச்சுக் காட்டுறேன்" என்றார். லேப்டாப் மடியில் திறந்துதான் இருந்தது. 40 என்று போட்டேன். அழித்தேன்.