மேட்டூர் நிலவரம்

13 ஜூன் 2025, வெள்ளி, இரவு

மேட்டூர் போய்விட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான். ஊருக்கே அவன் மேட்டூர். விடியற்காலையில் கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சாயங்காலம் வெண்ணாற்றங்கரையில் எரித்துவிட்டு வந்தோம். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நேற்றுத்தானே மேட்டூர் அணையில் மதகைத் தூக்கினார்கள். பக்கத்து வயல் போர்செட்டில் தலை முழுகிவிட்டு வீடு வந்தோம்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

15 ஜூன், ஞாயிறு

இன்று கல்லணையைத் திறந்தார்கள். பூவும் நெல்லும் தூவுவதை டிவியில் காட்டினார்கள். பார்க்க முடியாமல் எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டேன்.

அவனுக்கு அந்தப் பெயர் வந்த கதையை எழுதிவைக்க வேண்டும். அவன் அப்பா குத்தகை விவசாயி. காலையில் ரேடியோவில் அணையின் நீர்மட்டம் கேட்ட பிறகுதான் பல் விளக்கவே போவார். கேட்டுக் கேட்டு அந்தச் செய்திக் குரல் இவனுக்கு அப்படியே படிந்துவிட்டது. 1982, நாங்கள் எட்டாம் வகுப்பு. கணக்கு சார் வராந்தாவில் வரும் நடையை ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்ப்பான். மூக்கை லேசாக அழுத்திக்கொள்வான்.

“கணக்கு ஆசிரியரின் கோபம் இன்று காலை எட்டு மணி நிலவரப்படி நூற்றுப் பதினெட்டு அடி. முழு உயரம் நூற்றிருபது அடி. வரத்து வினாடிக்கு இருபதாயிரம் கன அடி. எந்த நேரத்திலும் உபரி திறந்துவிடப்படலாம் என்பதால், முதல் இரண்டு பெஞ்சில் வசிக்கும் கரையோர மக்கள் மேடான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

முதல் பெஞ்சுப் பையன்கள் நிஜமாகவே பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். ‘அடி’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது அவனுக்குக் கிடைத்த வரம்.

ஒருநாள் அவன் வாசித்து முடிக்கும்வரை சார் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டார். வகுப்பில் மூச்சுச் சத்தம் இல்லை. உள்ளே வந்து பிரம்பை மேசையில் வைத்தார்.

“வெளியேற்றம் எவ்வளவுடா?”

“நிலைமையைப் பொறுத்து, சார்.”

சார் சட்டென்று போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார். சாக்பீஸ் போர்டில் இருக்கிறது, ஒன்றும் எழுதவில்லை. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. அன்று யாருக்கும் ஒரு அடிகூட விழவில்லை.

18 ஜூன், புதன்

துக்கம் கேட்க மறுபடி போனேன். கடை வாசலில் அந்தக் கரும்பலகை அப்படியே தொங்குகிறது. இருபது வருஷத்துக்கு மேலாகத் தினமும் காலையில் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் எழுதுவான். அடியில் அவன் சரக்கு ஒரு வரி. பன்னிரண்டாம் தேதி எழுதியதை அன்றைய கூட்டத்தில் யார் தோளோ உரசி அழித்திருக்கிறது. முதலில் இருந்த ‘1’ மட்டும் மிச்சம், அவன் வழக்கப்படி வலது பக்கம் சாய்ந்தபடி.

2017 நினைவுக்கு வந்தது. வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வந்தும் அணை திறக்க வழியில்லாத வருஷம். டீக்கடைக்கு வந்த ஒருவர் முகத்திலும் களை இல்லை. பலகையில் எண்ணே எழுதாமல் லீவு லெட்டர் எழுதியிருந்தான்:

“உயர்திரு விவசாயிகள் அவர்களுக்கு, எனக்குத் தண்ணீர் இல்லாத காரணத்தால் இன்று என்னால் வர இயலாது. எனக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மேட்டூர்.”

தங்கச்சியிடம், அதாவது அவன் மனைவியிடம், இதைச் சொன்னேன். அழுத முகத்தோடு சிரித்துவிட்டது. “ராத்திரி படுத்துக்கிட்டு, நாளைக்கு இப்படி எழுதட்டுமான்னு கேப்பாருண்ணே. நான் சிரிச்சாத்தான் மறுநாள் பலகையில வரும். இல்லன்னா வேற யோசிப்பாரு.” நாற்பது வருஷம் பழகியும் எனக்கு இது தெரியாது.

21 ஜூன்

நாற்றங்கால் வேலை. வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை, போர் தண்ணீர்தான். உடம்பு அசதி.

24 ஜூன், செவ்வாய்

தூக்கம் வரவில்லை. கஜா புயலையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். 2018 நவம்பர் 16 விடிந்தபோது என் தோப்பில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. மூன்று நாள் நான் யாரோடும் பேசவில்லை, சோறும் இறங்கவில்லை. அவன் கடைக்கூரையும்தான் பறந்துபோயிருந்தது. அதை விட்டுவிட்டு வந்தான். தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு மரமாக எண்ணினான். அப்புறம் மூக்கை அழுத்திக்கொண்டான்.

“தென்னை மொத்தம் நாற்பத்து மூன்று. சாய்ந்தது நாற்பத்து மூன்று. தேங்காய் பறிக்க இனி மரம் ஏற வேண்டியதில்லை என்று தோப்பு உரிமையாளருக்குத் தெரிவிக்கப்படுகிறது.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் அடித்திருப்பேன். சிரித்தேன். சிரித்துக்கொண்டே சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்து அழுதேன். மூன்று நாளாக வராத அழுகை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். இருட்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

28 ஜூன், சனி

கருமாதி. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. குப்பையும் நுரையுமாக, செம்மண் நிறத்தில். படித்துறையில் இறங்கி மகன் பிண்டம் கரைத்தான். கணக்கு சாரைப் பேரன் பைக்கில் அழைத்துவந்திருந்தான். என் கையைப் பிடித்து, “நீதானே அவன் பக்கத்துல உக்காருவ?” என்றார். ஆமாம் சார் என்றேன். கையை விடவே இல்லை.

30 ஜூன், திங்கள்

நேற்று சாயங்காலம் அணை நிரம்பிவிட்டது. ஜூன் மாதத்திலேயே நிரம்பியிருக்கிறது. 120 அடி, 93.47 டி.எம்.சி. இந்த இரண்டு எண்ணும் அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

காலையில் போனேன். தங்கச்சி கடையைத் திறந்திருந்தது. மகள் சாக்பீஸை நீட்டி, “நீங்க எழுதுங்க பெரியப்பா” என்றாள். அந்த ‘1’-ஐ அழிக்காமல், பக்கத்தில் ‘20’ என்று எழுதினேன். என் எழுத்து நேராக நிற்கிறது, அவனுடையது சாய்ந்திருக்கிறது. அடியில் அவன் வரிக்கான இடத்தை விட்டுவிட்டேன்.

பால்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, “ரொம்பிருச்சா?” என்றார்.

“ரொம்பிருச்சு” என்றேன்.