காலனியக் கட்டுரைக்கு ஒரே நாடு போதும்

காலனியம், உலகமயம், சுயபிம்பம் என்று தலைப்பு வந்தால் பலரின் பேனா, இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வாதாடிய மெக்காலேயில் தொடங்கி பீட்சாவில் முடிந்துவிடும். திருத்துபவர் அதை ஒரே நாளில் எத்தனை விடைத்தாள்களில் படிப்பாரோ! குடிமைப்பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளுக்குத் தமிழில் தயாரானபோது நான் ஒரே ஒரு நாட்டை எடுத்து ஆழப் படித்தேன். அது கிழக்கு ஆப்பிரிக்காவின் ருவாண்டா.

ஹூட்டு, டுட்சி என்ற இரு பிரிவினரின் பெயர்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கே புழங்கியவை. ஆனால் எல்லை நெகிழ்வாக இருந்தது. மாடுகள் சேர்த்த ஹூட்டு, டுட்சியாகிவிட முடிந்தது. பெல்ஜிய ஆட்சி அதைப் பிறப்போடு ஒட்டிய இனமாக்கி, 1930களில் அடையாள அட்டையில் பதித்தது. 1962இல் விடுதலை வந்தது, அட்டை போகவில்லை. 1994 இனப்படுகொலையில் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்தே டுட்சிகளைப் பிரித்துக் கொன்றார்கள். இங்கே நிதானம் தேவை. பெல்ஜியம் இனங்களை உண்டாக்கியது என்று எழுதாதீர்கள். இறுக்கியது என்று எழுதுங்கள். விடுதலைக்குப் பிறகும் அட்டையைக் கைவிடாத உள்ளூர் ஆட்சியாளர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போடும் கட்டுரை மேடைப்பேச்சாகிவிடும்.

உலகமயத்துக்கு நான் எடுத்தது பழந்துணி. மேலை நாட்டினர் உடுத்திக் கழித்தவை கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தைகளுக்கு மூட்டை மூட்டையாக வருகின்றன. உள்ளூர் ஜவுளித் தொழில் வளர வேண்டும், நம் மக்களுக்கும் கண்ணியம் உண்டு என்று சொல்லி, கிலோவுக்கு 0.20 டாலராக இருந்த இறக்குமதி வரியை ருவாண்டா 2016இல் 2.50 டாலராக்கியது. அமெரிக்கப் பழந்துணி வணிகர்கள் தங்கள் அரசிடம் முறையிட்டார்கள். பழந்துணியைத் தடுக்க ருவாண்டாவோடு சேர்ந்து முடிவெடுத்திருந்த கென்யா பின்வாங்கியது. ருவாண்டா அசையவில்லை, 2018இல் அதன் ஆடைகளுக்கு அமெரிக்கா தந்துவந்த வரிச் சலுகை நிறுத்தப்பட்டது. தன்மானத்துக்கு என்ன விலை என்பதைக் கோட்பாட்டாளர் எவரையும் மேற்கோள் காட்டாமலே இதைக் கொண்டு விளக்கலாம்.

மறுபக்கத்தையும் விடக்கூடாது. ஏறக்குறைய நாடு முழுவதும் கின்யருவாண்டா மொழி பேசும்போது, 2008இல் பயிற்றுமொழியாக பிரெஞ்சுக்குப் பதில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தார்கள். எஜமானைத்தான் மாற்றினார்கள் என்பது என் கட்சி. ஆனால் பிரான்ஸோடு இருந்த கசப்பையும், அகதிகளாக, ஆங்கிலம் புழங்கும் உகாண்டாவில் வளர்ந்து திரும்பியவர்கள் ஆட்சியில் இருந்ததையும் சொல்லிவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள்.

இந்தியாவுக்கு ஒரு பத்தி போதும். ருவாண்டாவின் அட்டைக்குப் பக்கத்தில் வைக்க 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறது. பிரிட்டிஷ் அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி அதில் சாதிகளைச் சமூக மதிப்பின் வரிசையில் அடுக்க முயன்றார்.