பலா மரத்தில் ஒரு உகுலேலே: பெட்டி மூடியது வரை

சரி, உகுலேலேயின் (நான்கு கம்பி உள்ள, சின்ன கிடார் மாதிரி வாத்தியம்) பெட்டியை மூடியாகிவிட்டது. கழுத்து தயார், விரல்பலகையில் ஃப்ரெட்டும் (சுரம் பிரிக்கும் உலோகக் குறுக்குப் பட்டைகள்) இறக்கியாகிவிட்டது, இனி குதிரையும் (மேல்பலகைமேல் கம்பியைத் தாங்கும் கட்டை) பாலிஷும்தான் பாக்கி. வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதுவரை எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

எடுத்தது கான்சர்ட் அளவு, அதாவது நட்டிலிருந்து (கழுத்தின் நுனியில் கம்பியைத் தாங்கும் பட்டை) குதிரை வரை கம்பி நீளம் 380 மி.மீ. மரம் பலா. ஹவாயில் கோஆ மரத்தில் செய்வார்கள், அது நம் வேல மரத்தின் இனம். 1879-ல் போர்ச்சுகலின் மதேய்ராத் தீவிலிருந்து ரேவன்ஸ்க்ராக் கப்பலில் ஹொனலுலு வந்து இறங்கியவர்களில் மூன்று தச்சர்கள் இருந்தார்கள். தங்கள் ஊர் மச்சேத் என்ற சின்னக் கம்பி வாத்தியத்தை அங்கே கிடைத்த மரத்தில் செய்யப் போய்த்தான் உகுலேலே பிறந்தது. நமக்குக் கிடைப்பது பலா, தஞ்சாவூரில் வீணை குடைவதும் மிருதங்கக் கட்டை கடைவதும் அதில்தான், அப்புறம் எதற்கு இறக்குமதி மரம் தேட வேண்டும்?

என்ன மரம் என்பதைவிட மேல்பலகை எவ்வளவு மெல்லிசு என்பதுதான் முக்கியம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். உகுலேலேக்குப் போடுவது நைலான் கம்பி, அதன் இழுப்பு கிடார் எஃகுக் கம்பியின் பக்கத்தில்கூட வராது. அந்தச் சின்ன இழுப்பு பலகையை அசைக்க வேண்டும் என்றால் பலகை விட்டுக்கொடுக்க வேண்டும். பலகையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் மாறும், அதாவது 2.5 மி.மீ. பலகையை 2 மி.மீ. ஆக்கினால் குறைவது வெறும் அரை மி.மீ., விறைப்போ பாதியாகிவிடும். கிடார் மேல்பலகைக்குப் போடும் ஸ்ப்ரூஸ் மரத்தைவிட பலா கனமான மரம் என்பதால் இது இன்னும் முக்கியம். நான் 2.5-ல் ஆரம்பித்து, நடுவில் 2-ம் ஓரத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவுமாக வைத்தேன்.

இழைப்புளி இங்கே வேண்டாம். பலாவில் நார் பின்னிக் கிடக்கும், இந்தப் பக்கம் வழவழவென்று போகும் இழைப்பு அடுத்த விரற்கடையில் செதில் செதிலாகப் பிய்த்துவிடும். இரும்புத் தகடு சுரண்டிதான் சரி. நன்றாகத் தீட்டிய சுரண்டியில் மஞ்சள் சீவல் வெங்காயத்தோல் மாதிரி சுருண்டு வரும். தூள் வந்தால் முனை மழுங்கிவிட்டது என்று அர்த்தம், நிறுத்தித் தீட்ட வேண்டும். நாலு இழுப்புக்கு ஒரு தரம் பலகையை ஓரத்தில் இரண்டு விரலால் தொங்கப் பிடித்துக்கொண்டு நடுவில் தட்டிப் பார்ப்பேன். ஆரம்பத்தில் 'டக்' என்று உடனே செத்துப்போகிற சத்தம், மெலிய மெலியத் தாழ்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் 'தும்' என்று கொஞ்ச நேரம் நின்று அடங்கும். அது வந்ததும் சுரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். காதோடு தடிமன் அளக்கும் வெர்னியரும் பக்கத்தில் இருக்கட்டும், காது மட்டும் போதும் என்று சொல்கிறவர்கள் அனுபவஸ்தர்கள்.

பக்கப் பலகை வளைப்பது பலரும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 1.8 மி.மீ. தடிமன், நார் நேராக ஓடும் துண்டு, உள்ளே சூடேற்றிய இரும்புக் குழாய். தண்ணீர் தெளித்தால் துளி குழாய்மேல் துள்ளி ஓட வேண்டும், அதுதான் பதம். பலகையை நனைத்து, அழுத்தாமல் சூட்டோடு சாய்த்துக்கொண்டே இருந்தால் மரம் தானாக இளகிக் கொடுப்பது கைக்குத் தெரியும். இடுப்பு வளைவில் மட்டும் அவசரம் கூடாது. பலாச் சாயம் இறங்கி விரலெல்லாம் மஞ்சளாகும், அது போய்விடும்.

ஃப்ரெட் விஷயத்தில் வீணைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். வீணையில் மெழுகில் மெட்டைக் காதால் கேட்டு உட்கார வைப்பார்கள், இங்கே முழுக்கக் கணக்கு. மிச்சமிருக்கும் கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டின் தூரம்: முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 21.33 மி.மீ., பன்னிரண்டாவது சரியாக 190. எல்லா அளவையும் நட்டிலிருந்தே குறிக்க வேண்டும், ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் அளந்தால் சின்னப் பிசகுகள் கூடிக்கொண்டே போகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 1 மி.மீ. தள்ளினால் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு சுருதி விலகும், அது சாதாரணக் காதுக்கே உறுத்தும்.

ஒட்டுகிற நாளையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். அப்போது மேல்பலகையின் உள்பக்கம் குறுக்குக் கட்டைகளை ஒட்டி மூடினால், பின்னால் ஏசி அறையில் காயும்போது பலகை சுருங்க வழியில்லாமல் வெடிக்கும். காய்ந்த நாளில் ஒட்டினால் மழைக்காலத்தில் லேசாக மேடு தட்டும், ஆபத்தில்லை. நான் மாசி வெயிலில் ஒட்டினேன். பக்கப் பலகையை மேல்பலகையோடு சேர்க்கும் உள்விளிம்புப் பட்டைகளைப் பிடித்து வைக்கத் துணி காயப்போடும் கிளிப்பே போதும், ஆனால் நிறைய வேண்டும்.

அடுத்தது குதிரை. கம்பியை அழுத்தும்போது சுருதி கொஞ்சம் ஏறும் என்பதால் அதை 380-லேயே வைக்காமல் ஒன்றரை, இரண்டு மி.மீ. பின்னால் தள்ளி வைக்கப் போகிறேன். வெள்ளைப் பசை சூட்டில் நெகிழும், சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்தால் குதிரை நகர்ந்துவிடும். அதனால் அந்த ஒரு ஒட்டுக்கு மட்டும் வஜ்ஜிரம் (விலங்குத் தோல் பசை) காய்ச்சலாம் என்றிருக்கிறேன்.