இரவல் மேசையும் என் விருப்பு வெறுப்பும்

திருகோணமலையில் ஒரு சிறிய நூலகத்தின் இரவல் மேசையில் பதினொரு ஆண்டுகள் பணியாற்றினேன். திரும்பி வரும் நாவல்களை இறாக்கையில் அடுக்குவதற்கு முன் மெல்லப் புரட்டிப் பார்ப்பேன். பஸ் ரிக்கற்றோ மருந்துத் துண்டோ செருகப்பட்டிருக்கும் பக்கம், வாசகர் எங்கே அலுத்துக் கைவிட்டார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அக்காலத்தில் நானும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டியதுதான் கரு. இவ்வூரில் பிறந்தவன் அதைத்தான் எழுதவேண்டுமென்று யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் வெளியிட்ட சரவணமுத்துப்பிள்ளை எங்கள் ஊரவர் என்ற பெருமை வேறு தலைக்கேறியிருந்தது. அறுபதாம் பக்கத்தோடு கதை நகர மறுத்தது. நூலகத்துக்கு நாள்தோறும் வரும் முதியவர் ஒருவர் பிரதியை வாங்கிப் படித்துவிட்டு, “தம்பி, இதில எல்லாரும் கதைக்கிறாங்கள், ஒருத்தரும் வேலைக்குப் போறேல்ல” என்றார்.

அன்றிரவு, கழித்துவிட்ட பட்டியல் அட்டைகளின் பின்புறத்தில், கதைகளில் எனக்குப் பிடித்தவற்றையும் பிடிக்காதவற்றையும் எழுதத் தொடங்கினேன். முதல் நான்கு அட்டைகளும் பொய். பிடித்திருக்கவேண்டும் என்று நான் நம்பியவற்றையே எழுதியிருந்தேன். பிறகுதான் இரவல் பதிவேட்டில் என் பெயருக்குரிய பக்கத்தைப் புரட்டினேன். மூன்று முறை, நான்கு முறை எடுத்துப் படித்தவை எல்லாம், வலை பொத்துவதையோ நெல் அவிப்பதையோ கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுவதையோ பொறுமையாகச் சொன்ன கதைகள். அரசர் வரும் நாவல் ஒன்றையேனும் நான் இரண்டாம் முறை எடுத்ததில்லை.

வெறுப்புகளை இனங்காண்பது கூடுதல் சிரமமாக இருந்தது. ‘அழுகை பிடிக்காது’ என்று எழுதிவிட்டு மறுநாள் அடித்தேன். பாத்திரம் அழுவதற்கு முன்பே ஆசிரியர் அழத் தொடங்கிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ‘கனவுக் காட்சி’ என்ற அட்டையை மட்டும் இன்றுவரை மாற்றவில்லை. என் அறுபது பக்கங்களில் மூன்று கனவுகள் இருந்தன என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அடுத்து, 2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவுக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் சென்ற ‘பாதை’ என்னும் மிதவையைப் பற்றி எழுதினேன். உப்புநீரில் ஊறி முறுகிய வடத்தை ஒருவன் கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு இழுப்பதுதான் முதல் வாக்கியம். அதையும் முதியவரிடமே கொடுத்தேன். ஒரு கிழமை கழித்துப் பிரதி திரும்பி வந்தபோது, பஸ் ரிக்கற் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. பாதைக்காரன் கண்ணயர்ந்து கனவு காணத் தொடங்கும் இடம்.