மும்பையில் யூஎஸ்பி துளை இல்லை

2015 டிசம்பர் 2, விடியற்காலை. காவலாளி அண்ணன் போன் செய்து, "சார், கேட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு" என்றார். அதோடு லைன் போய்விட்டது.

முந்தைய இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்திருந்தார்கள். எங்கள் அலுவலகம் ஈக்காட்டுத்தாங்கலில். அடையாற்றுக்கு நடந்தே போய்விடலாம். சர்வர் அறை தரைத்தளம். யூபிஎஸ் பேட்டரிகள் தரையோடு தரையாக இருந்தன. கனமான சாமான், மாடிக்கு ஏற்ற வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.

வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தர நிறுவனம் அது. நான் அங்கே சிஸ்டம் அட்மின். பேக்கப் எடுக்காமல் இல்லை. தினமும் இரவு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் நகல் ஏறும். சனிக்கிழமைதோறும் ஒரு டிஸ்கை நான் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். ஆனால் அந்த நவம்பர் முழுக்க மழை. ஸ்கூட்டரில் கொண்டுபோனால் டிஸ்க் நனைந்துவிடும் என்று சர்வர் அறை பீரோவிலேயே வைத்துப் பூட்டினேன். நனையக் கூடாது என்றுதான்.

தண்ணீர் வடிந்து நாங்கள் உள்ளே போக நான்கு நாள் ஆனது. பீரோவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். டிஸ்குகளின் மேல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. என் வீட்டில் இருந்த நகல் அக்டோபர் கடைசி வாரத்தது. 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும், நவம்பர் அட்டெண்டன்ஸ் எதுவும் இல்லை. முதலாளி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாருக்கும் முழுச் சம்பளம் போடுப்பா" என்றார். அதைத் தீர்ப்பது சுலபம். வாடிக்கையாளர்களுக்கு எந்த லாரியில் என்ன போனது, யார் எவ்வளவு பாக்கி என்பதைக் கணக்குப் பிரிவு அக்காவும் நானும் காகித சலான்களை வைத்துத் திரும்ப ஏற்றி முடிக்கப் பொங்கல் வந்துவிட்டது.

அடுத்த வருஷம்தான் கிளவுட் பேச்சு வந்தது, அதாவது பெரிய நிறுவனங்களின் மையத்தில் இருக்கும் சர்வர்களை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பது. மைக்ரோசாஃப்ட் 2015லேயே இந்தியாவில் மூன்று இடங்களில் மையம் திறந்திருந்தது, அதில் ஒன்று சென்னை. அதை ஏன் எடுக்கவில்லை என்று விளக்கத் தேவையில்லை. 2016 ஜூனில் அமேசானின் மும்பை மையம் திறந்தது, அங்கே போனோம்.

டிஆர் திட்டம், அதாவது பேரிடர் வந்தால் சிஸ்டங்களை மீட்டெடுக்கும் திட்டம், போடும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எவ்வளவு நேரத்து டேட்டா போனால் தாங்கலாம் என்பது ஆர்பிஓ. எத்தனை மணி நேரத்தில் மறுபடி எழுந்து நிற்க வேண்டும் என்பது ஆர்டிஓ. முதலாளியிடம் சொன்னதும், "ஆர்டிஓவா? அங்க நமக்கு என்னப்பா வேலை?" என்றார். உதிரிபாகக்காரருக்கு அந்தச் சொல் வேறு எதை நினைவூட்டும்!

சரியான பதிலைச் சொன்னவர் அக்காதான். "சம்பளக் கணக்கு ஒரு நாள் போனா பரவாயில்ல தம்பி, திரும்பப் போட்டுக்கலாம். டிஸ்பேட்ச் அரை மணி நேரம் போனாக்கூட ஒரு லாரி தொலைஞ்ச மாதிரி." அந்த ஒரு பேச்சில் பாதித் திட்டம் முடிந்தது. டிஸ்பேட்ச், பில்லிங் டேட்டாபேஸ் மட்டும் மும்பையில் ஒரு சின்ன மெஷினில் எப்போதும் ஓடிக்கொண்டு, இங்கே எழுதுவதைச் சில நிமிடங்களில் வாங்கிக்கொள்ளும். மற்ற சர்வர்கள் அணைந்தே கிடக்கும், டிஸ்குக்கு மட்டும் வாடகை. இதைப் பைலட் லைட் என்பார்கள், கேஸ் கீசரில் அணையாமல் எரியும் சின்னச் சுடர் மாதிரி.

முதல் தடவை ஏற்றுவதுதான் பெரும்பாடு. 2 டிபி டேட்டா, 10 எம்பிபிஎஸ் லைன். இரவு பகலாக ஏற்றினாலே 18 நாள். பகலில் லைன் அலுவலகத்துக்கு வேண்டும் என்பதால் இரவில் மட்டும் ஏற்றி, ஒன்றரை மாதம் ஆனது. பாதிக்கு மேல் இன்ஜினியரிங் வரைபடங்கள். அவற்றை விட்டுவிடலாமே என்று ஒரு கட்டத்தில் நானே சொன்னேன்; வடிவமைப்புப் பிரிவில் சண்டைக்கு வந்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்து, அரசு ஊழியர்களின் 858 டிபி கோப்புகள் அழிந்தன. அளவு பெரிது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லையாம். படித்ததும் அந்தச் சண்டைதான் ஞாபகம் வந்தது.

ஜனவரியில் ஒத்திகை வைப்பதாக இருந்தோம். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்துவிட்டது. இந்தத் தடவை சர்வர்கள் மாடியில், ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஆனால் கரண்ட் இல்லை. பண மதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. டீசல் வாங்கக் கையில் பணமில்லை, கார்டு மெஷினுக்கு சிக்னல் இல்லை. மும்பைக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்து, மறுநாள் திண்டிவனத்தில் மாமா வீட்டுக்கு லேப்டாப்போடு போனேன்.

அங்கே உட்கார்ந்த பிறகுதான் வரிசையாகத் தெரிந்தது. எந்தச் சர்வரை முதலில் எழுப்ப வேண்டும் என்று 14 பக்கம் எழுதி வைத்திருந்தேன். அது அலுவலக சர்வரில் இருந்தது. சரி, நினைவிலிருந்து செய்தேன். சர்வர்கள் முக்கால் மணி நேரத்தில் எழுந்தன. உள்ளே போக முடியவில்லை. அலுவலக ஐபி முகவரியிலிருந்து வந்தால் மட்டும் கதவைத் திற என்று ஃபயர்வாலில் நானே எழுதியிருந்தேன். அலுவலகம் முடங்கும்போது பயன்பட வேண்டிய ஏற்பாட்டுக்கு அலுவலகத்தையே சாவியாக வைத்த புத்திசாலி! அதையும் மாற்றினேன். கடைசியில் பில், டிஸ்பேட்ச் எல்லாம் ஓடும் ஈஆர்பி மென்பொருளைத் திறந்தால் லைசென்ஸ் இல்லை என்றது. லைசென்ஸ் ஒரு டாங்கிளில் இருந்தது, யூஎஸ்பி துளையில் செருகும் சாவி மாதிரி. கட்டைவிரல் அளவு டாங்கிள், அலுவலக சர்வரின் பின்பக்கம் செருகியபடி இருட்டில் கிடந்தது. மும்பையில் அதை எங்கே செருகுவது?

மென்பொருள் விற்றவர்கள் மாற்று லைசென்ஸ் அனுப்ப இரண்டு நாள் எடுத்தார்கள். அது வந்த அன்றைக்கே ஈக்காட்டுத்தாங்கலில் கரண்டும் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கினேன், காகித நோட்டு. எல்லாவற்றையும் கையால் எழுதி, ஒரு பிரதியைச் சேலம் கிளையில் இருக்கும் தம்பியிடம் கொடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. செய்வது அவர், நான் தொடக்கூடாது. முதல் ஒத்திகையில் என்னை 11 முறை கூப்பிட்டார். ஒவ்வொரு அழைப்பும் நான் எழுத மறந்த ஒரு வரி. ஒரு வருஷம் கழித்து ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர், போன் செத்துவிட்டது. சேலத்துத் தம்பி என்னைக் கேட்காமலே மும்பைக்கு மாற்றிவிட்டார். எனக்கே மறுநாள் சாயந்திரம்தான் தெரியும்.

சிக்கல் திரும்பி வருவதில் இருந்தது. 5ஆம் தேதி மதியம் கரண்ட் வந்ததும் அலுவலக சர்வர் தானாக எழுந்துகொண்டது. டிஸ்பேட்ச் பையன்கள் பழைய ஸ்கிரீன் வேலை செய்கிறதே என்று அதிலேயே பில் போட்டார்கள். காலையில் போட்ட பில்கள் மும்பையில், மதியத்தவை சென்னையில். ஒரே பில் எண்ணில் இரண்டு வெவ்வேறு லாரிகள். திரும்பும் வழிக்கு நோட்டில் ஒரு பக்கம்கூட இல்லை.

இரவு அக்கா இரண்டு ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல எது தம்பி நிஜம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவரே எழுந்து போய்க் காவலாளி அண்ணனின் கேட் ரெஜிஸ்டரை வாங்கி வந்தார். வண்டி எண், வெளியே போன நேரம், டிரைவர் கையெழுத்து, எல்லாம் நீல மையில். அக்கா ஒவ்வொரு வரியாக வாசிக்க, நான் டைப் செய்தேன். முடிக்கும்போது மணி மூன்றரை.